இரண்டு வன்தட்டுகள், ஒரே பிரதி: நாட்குறிப்பு

செப்டம்பர் 14, 2024, சனிக்கிழமை

அப்பாவின் ஸ்டூடியோவிலிருந்து வந்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து வைப்பதற்காக, மேசைக் கணினியில் இரண்டு 4 டிபி வன்தட்டுகளை ரெய்டு 1 முறையில் இணைக்க முடிவு செய்தாயிற்று; எழுதப்படும் ஒவ்வொன்றும் இரண்டு தட்டுகளிலும் ஒருசேரப் பதிவாகும். 4000 டிபிஐ, 16 பிட் வண்ணத்தில் எடுத்தால் 35 மிமீ நெகட்டிவ் ஒன்றே 120 எம்பியைத் தாண்டுகிறது. ஃபிலிம் சுருள்களில் பூஞ்சை ஏறிக்கொண்டிருப்பதால் பலவற்றை மறுபடியும் ஸ்கேன் செய்யும் வாய்ப்புக் கிடைக்காது. ஒரு தட்டு பழுதானாலும் அன்றைய வேலை நிற்கக் கூடாது, அன்று காலையில் ஏற்றிய படங்களும் போகக் கூடாது.

தட்டுகளை வாங்கும்போது நான் முதலில் பார்த்தது பதிவு முறையைத்தான். எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளில் தடங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். சாதாரண உபயோகத்தில் இது தெரியாது, ஆனால் பழுதான தட்டுக்குப் பதிலாகப் புதியதை மாட்டி முழுவதையும் நகலெடுக்கும் நாளில் வேகம் படுத்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் வகையே என்று 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்ட பிறகுதான் பலரும் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். நான் வாங்கிய இரண்டும் சிஎம்ஆர் வகை, அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. ஒரே தொகுப்பில் தயாரான தட்டுகள் ஒரே குறையைச் சுமந்து, அடுத்தடுத்துப் பழுதாகக்கூடும் என்பதால், வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகளாக, வெவ்வேறு கடைகளில் வாங்கினேன்.

செப்டம்பர் 18, புதன்கிழமை

இரண்டு தட்டுகளிலும் பேட்பிளாக்ஸ் சோதனை முடிந்தது. நான்கு வடிவங்களை முனை முதல் முனை வரை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனை இது. 4 டிபி அளவில் நாள்கணக்கில் ஓடும். புதுத் தட்டுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழுதுகளில் ஒரு பகுதி தொடக்க நாட்களிலேயே தலைகாட்டும் என்பதாலும், கடையில் மாற்றித் தரும் காலம் கழிவதற்குள் அது தெரிந்துவிட வேண்டும் என்பதாலும், இந்தக் காத்திருப்பு எனக்கு அவசியமாகவே படுகிறது. தட்டு தன் நலனைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (தட்டின் சிறு பதிவுக் கூறுகள்) சுழியம், பழுதென்று ஐயப்பட்டு நிலுவையில் உள்ளவையும் சுழியம்.

இன்னொரு விஷயத்தையும் இன்றே கவனித்துவிட்டேன். படிக்க முடியாத செக்டார் ஒன்று எதிர்ப்பட்டால், மேசைக் கணினிக்கான தட்டுகளில் சில ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கர்னலோ இயல்பாக 30 விநாடிகள்தான் பொறுத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே மீட்டமைக்கும். அதன் விளைவாக ஒரே ஒரு கெட்ட செக்டாருக்காக முழுத் தட்டும் ரெய்டிலிருந்து வெளியே தள்ளப்படலாம். என்னிடம் உள்ளவற்றில் ஒன்று, இந்த முயற்சிக்கு நேர வரம்பு வைக்கும் எஸ்சிடி இஆர்சி வசதி கொண்டது என்பதால் அதன் வரம்பை 7 விநாடிகளாக வைத்தேன். மற்றதில் அந்த வசதி இல்லாததால், அதற்குக் கர்னலின் பொறுமையை 180 விநாடிகளாக உயர்த்தினேன். கணினியை அணைத்தால் இந்த அமைப்புகள் நிலைக்காது என்பதால், தொடங்கும்போதெல்லாம் இரண்டையும் தானாக இடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியாயிற்று.

செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை

மதர்போர்டின் பயாஸிலேயே ரெய்டு வசதி இருக்கிறது, அதைத் தொடவில்லை. மேசைக் கணினிகளில் வரும் அத்தகைய வசதிகளில் உண்மையான வேலையைப் பெரும்பாலும் டிரைவர் மென்பொருளும் சிபியுவுமே செய்கின்றன. தட்டில் எழுதப்படும் குறிப்புகளோ அந்தத் தயாரிப்பாளரின் வடிவத்தில் இருக்கும், போர்டு போனால் அதே வகை போர்டைத் தேடி அலைய நேரும். லினக்ஸின் ரெய்டு அமைப்பு எம்டி; அதன் கருவியாகிய எம்டிஅட்ம் கொண்டு அமைத்த இரட்டைத் தட்டு இணையை வேறெந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் அது அடையாளம் கண்டுகொள்ளும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால், இரு பிரதிகள் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல வல்லவை. எம்டி அமைப்பால் அது முடியாது. ஆனாலும் எனக்குப் பல்லாண்டுகளாகப் பழகிய இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையையே தேர்ந்தெடுத்தேன், குறையை ஈடுகட்ட ஒவ்வொரு படத்துக்கும் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்புத் தொகையைத் தனிக் கோப்பில் எழுதி வைக்கிறேன்.

தட்டுகளில் ஜிபிடி என்ற பகுப்பு முறையில் ஒரே பகிர்வை (பிரிவை) உருவாக்கி, கடைசியில் 100 எம்பியைக் காலியாக விட்டேன். நாளை பதிலாக வாங்கும் தட்டு இம்மியளவு சிறியதாக இருந்தாலும் சேர்க்க முடியாமல் போய்விடக் கூடாது. இயங்குதளமாகிய டெபியன் (லினக்ஸின் ஒரு வகை) தனி எஸ்எஸ்டியில் இருப்பதால், தொடக்கப் பகிர்வை இரட்டிப்பாக்கும் சிக்கலுக்குள் போக வேண்டியிருக்கவில்லை. மாலையில் உருவாக்கும் கட்டளையைக் கொடுத்ததும் ஒத்திசைவு தொடங்கியது. வெளித்தடங்களில் வேகம் நன்றாக இருக்கும், உள்தடங்களுக்குப் போகப்போகக் குறையும். விநாடிக்குச் சராசரி 140 எம்பி என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரம் ஆகும்.

செப்டம்பர் 23, திங்கட்கிழமை

காலையில் இணையின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பார்த்தபோது அடைப்புக்குறிக்குள் இரண்டு ‘யூ’ எழுத்துகளும் நின்றன. இரண்டு தட்டுகளும் நலம் என்பது அதன் பொருள். இணையின் விவரத்தை எம்டிஅட்ம் அமைப்புக் கோப்பில் சேர்த்து, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தேன். இதைச் செய்யாவிட்டால் அடுத்த தொடக்கத்தில் இணைக்கு எம்டி0 என்று வைத்த பெயர் எம்டி127 என்று வந்து நிற்கும். தொடங்கும்போது எவற்றை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணாகிய யூயூஐடியைக் கொடுத்து, இணை கிடைக்காவிட்டாலும் கணினி தொடங்கும்படி நோஃபெயில் என்பதையும் சேர்த்தேன்.

அடுத்தது மின்னஞ்சல். இரண்டில் ஒன்று போனாலும் கணினி ஒன்றும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருக்கும். அதுவே இந்த அமைப்பின் பெருமை, அபாயமும் அதுவே. முதல் தட்டு போனது தெரியாமலே மாதக்கணக்கில் ஓட்டி, இரண்டாவதும் போன பிறகு விழித்துக்கொள்வதற்கு இரண்டு தட்டுகள் எதற்கு? கண்காணிப்புச் சேவையில் சோதனைச் செய்தியை அனுப்பும் கட்டளையைக் கொடுத்தேன், கைப்பேசிக்கு அஞ்சல் வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 28, சனிக்கிழமை

இன்று ஒத்திகை. படங்களின் பிரதிகள் வெளித் தட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

தட்டு ஒவ்வொன்றின் வரிசை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை மாஸ்கிங் டேப்பில் எழுதி, கேபினட்டைத் திறந்ததும் கண்ணில் படும் விளிம்பில் முன்பே ஒட்டியிருந்தேன். தட்டுகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் தொடக்கத்துக்குத் தொடக்கம் இடம் மாறக்கூடும். பழுதானதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றிவிடும் விபத்து இங்கிருந்துதான் பிறக்கிறது.

கணினியை அணைத்து, இரண்டாவது தட்டின் சாட்டா கேபிளை அதன் உலோகப் பூட்டை அழுத்தி உருவினேன். திரும்ப இயக்கியபோது தொடக்கம் அரை நிமிடம்போலத் தயங்கியது. விடுபட்ட தட்டுக்காகக் காத்திருந்துவிட்டு, ஒற்றைத் தட்டோடு இணை எழுந்தது. இரண்டாவது ‘யூ’ இருந்த இடத்தில் அடிக்கோடு. இணை குறைபட்டது என்ற அஞ்சலும் வந்தது. அப்பா எடுத்த ஒரு கல்யாணப் படத்தைத் திறந்தேன், அதன் எஸ்எச்ஏ256 தொகை ஒத்துப்போனது. வேண்டுமென்றே புதிதாகச் சில படங்களையும் ஏற்றினேன்.

பின்பு அணைத்துக் கேபிளை மாட்டி இயக்கினேன். திரும்பி வந்த தட்டு தானாக உள்ளே சேரவில்லை, சேரவும் கூடாது. ஒவ்வொரு தட்டிலும் உள்ள, மாற்றங்களை எண்ணிவரும் நிகழ்வெண்ணை ஒப்பிட்டு, இது பழைய நிலையில் நிற்கிறது என்று எம்டி ஒதுக்கிவைக்கிறது. மீள்சேர்ப்புக் கட்டளையைக் கொடுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எங்கெங்கே எழுதப்பட்டது என்பதை ஒரு பிட்மேப் குறித்து வைத்திருப்பதால், மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுத்தால் போதும். நடுவில் மின்சாரம் போனாலும் இதே பிட்மேப்தான் முழு ஒத்திசைவிலிருந்து காப்பாற்றுகிறது. வீட்டில் யூபிஎஸ் இருந்தாலும் இந்த வசதியை நான் அணைக்க மாட்டேன்.

இந்த ஒத்திகையைச் செய்ய விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் ஒரு தட்டைக் கழற்றி எழுதிவிட்டு, ஒத்திசைக்காமலே மற்றதைக் கழற்றி அதிலும் எழுதினால், இரண்டு வெவ்வேறு வரலாறுகள் உருவாகிவிடும். கழற்றிய தட்டு திரும்பச் சேர்ந்து, இரண்டு ‘யூ’க்களும் தெரிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இரவில் இரண்டாம் ஒத்திகை: அதே தட்டில் இணையின் விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கை அழித்து, புத்தம் புதிய தட்டைப்போலச் சேர்த்தேன். இப்போது பிட்மேப் உதவாது, முழு நகல்தான். இந்த நேரம் முழுவதும் ஒரே பிரதியை நம்பியிருக்கிறோம் என்பதை உணர்ந்து, ஸ்கேன் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, திங்கட்கிழமை

1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரையே ரெய்டு என்ற பெயரையும் நிலைகளையும் பரப்பியது. அதில் முதல் நிலையாகிய இந்த இரட்டைப் பிரதியை அதிகச் செலவு பிடிப்பதாகவே அவர்கள் காட்டினார்கள். சேமிப்பில் பாதி போய்விடுகிறது. இரண்டே தட்டுகள் கொண்ட வீட்டுக் கணினிக்கு அந்தச் செலவு பெரிதில்லை என்பது என் கருத்து.

ஆனால் தட்டு சாவதிலிருந்து மட்டுமே இது காக்கும். நான் ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் அந்தக் கணமே அழிகிறது. இடி இறங்கினாலும், திருடன் கேபினட்டைத் தூக்கிப் போனாலும், இரண்டும் சேர்ந்தே போகும். ஆகையால் வாரந்தோறும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் வெளித் தட்டுக்கு நகலெடுத்து, அதை அக்கா வீட்டில் வைக்கிறேன். “ரெண்டு இருக்கும்போது மூணாவது எதுக்குடா தம்பி?” என்று அக்கா கேட்டாள். “அந்த ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்குக்கா” என்றேன். பீரோவில் ஓர் அடுக்கை ஒழித்துத் தந்தாள்.

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் நள்ளிரவுக்குப் பிறகு டெபியன் தானாகவே முழுச் சரிபார்ப்பைத் தொடங்கியிருந்தது. யாரும் திறக்காத கோப்புகளில் படிக்க முடியாத செக்டார் இருந்தால் அது இப்போதே வெளிப்பட்டு, மற்ற தட்டிலிருந்து எடுத்துத் திருத்தி எழுதப்பட்டுவிடும். முற்பகலில் முடிந்தது. வேறுபாடுகளின் எண்ணிக்கை சுழியம், நிலுவைச் செக்டார்கள் சுழியம், வெப்பம் 41 பாகை. பிற்பகலில் 1983 என்று அப்பா உறையில் எழுதி வைத்திருந்த சுருள்களை ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டேன்.