பழைய பி230 பிஸ்டலுக்கு ஸ்பிரிங் மாற்றி, லைசன்சும் புதுப்பித்த அனுபவம் (பினாங்கு)

சிக் சாவர் பி230 வைத்திருப்பவர்கள் லைசன்ஸ் புதுப்பிக்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். படிவம், ஐசி நகல், பழைய லைசன்ஸ், கட்டணம் எல்லாம் வழக்கம்போலத்தான். எங்களைப் பாடாய்ப் படுத்தியவை இரண்டு: பதிவில் இருந்த துப்பாக்கி எண், எங்கும் கிடைக்காத ரிக்காய்ல் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால் வரும் மேல்பகுதியைத் திரும்ப முன்னால் தள்ளுவது).

எண்ணின் முதல் எழுத்து 'எஸ்'. துப்பாக்கியில் தெளிவாகத்தான் பொறித்திருக்கிறது. ஆனால் பழைய கையெழுத்துப் பதிவிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது அது 5 ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படாதது இந்த முறை பட்டது. போலீஸ் முகப்பில் இருந்தவர் துப்பாக்கியே வேறு என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். போதாக்குறைக்கு, ஸ்லைடில் (அந்த மேல்பகுதியில்) 7.65 மி.மீ. என்றும் லைசன்சில் .32 என்றும் இருந்தது. இரண்டும் ஒரே தோட்டாதான், ஐரோப்பாவில் ஒரு பெயர், அமெரிக்காவில் ஒரு பெயர். எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. தப்பாகப் பதிந்தது அவர்கள், திருத்தச் சொல்லி அலைவது நாம். இதை இப்போது நினைத்தாலும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

வாய்ப்பேச்சால் காரியம் ஆகாது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில், கடையின் பெயர் அச்சிட்ட தாளில், மலாயில் ஒரு கடிதம் வாங்குங்கள். தயாரிப்பு, மாடல், முழு எண், தோட்டாவின் இரண்டு பெயர்களும் அதில் இருக்கட்டும். பொறித்த இடங்களை நெருக்கத்தில் எடுத்த படங்களையும், முதன்முதலில் கிடைத்த லைசன்சின் நகலையும் சேர்த்துக்கொண்டு மேலதிகாரியைப் பாருங்கள். எங்களுக்கு வேலையை முடித்துக் கொடுத்தது அந்த முதல் லைசன்ஸ்தான். அதில் 'எஸ்' பளிச்சென்று இருந்தது. திருத்திய லைசன்சில் எண் சரியாக வந்தது, ஆனால் மாடல் 230-க்குப் பதில் 320! பி320 என்று வேறொரு துப்பாக்கியே இருக்கிறது. முகப்பை விட்டு நகராமல் அங்கேயே மாற்றி வாங்கினோம்.

பி230-இல் .380 தோட்டா வகை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது 9 மி.மீ. குர்ஸ், தோட்டாக் கூட்டின் நீளம் 17 மி.மீ. பதிவில் வெறும் '9 மி.மீ.' என்று ஏறிவிட்டால் அதைவிட நீளமான 9×19 பாராபெல்லம் தோட்டா என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அனுமதி ஒரு தோட்டாவுக்கு, துப்பாக்கி வேறொன்றுக்கு என்றாகிவிடும்.

இனி ஸ்பிரிங். பி230 1977 முதல் 1996 வரைதான் வந்தது. அடுத்து வந்த பி232-உம் நின்றுபோயிற்று. இதில் ஸ்லைடைப் பூட்டி வைக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. சுடும்போது ஸ்லைடின் எடையும் குழலைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கும்தான் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் வந்து துப்பாக்கியின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஓங்கி மோதும். கறுப்பு வகையின் சட்டம் அலுமினியக் கலவை என்பதால் அடி வாங்க வாங்க நசுங்கும். எஸ்.எல். என்ற துருப்பிடிக்காத எஃகு வகை கொஞ்சம் தாங்கும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வழக்கத்தைவிடத் தூரம் பறந்தால் முதலில் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவில் வுல்ஃப் என்ற நிறுவனம் இதற்கு ஸ்பிரிங் செய்கிறது. ஆனால் இணையத்தில் பார்த்தவுடன் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்! மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் உதிரிப் பாகமும் ஆயுதம்தான். 1971 துப்பாக்கிச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. ஒரு ஸ்பிரிங்குக்காக அந்த வம்பு வேண்டாம். இறக்குமதி அனுமதியைக் கடைக்காரர் வழியாகவே எடுங்கள். நாங்கள் முதலில் போன கடையில் "இருக்கு, வாங்க" என்று போனில் சொல்லிவிட்டு, போனதும் வால்டர் பிபிகே என்ற வேறு பிஸ்டலின் ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கூடுதல் விறைப்புள்ளதையும் தவிர்த்துவிடுங்கள். ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் சிக்கும்.

மாற்றுவதென்னவோ சில நிமிட வேலைதான். பழுதுபார்க்கும் உரிமம் உள்ளவரே செய்யட்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மேகசினை (தோட்டா நிரப்பும் பெட்டியை) கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கொக்கி கைப்பிடியின் அடியில் இருக்கிறது. ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். பிறகு இடப்பக்க நெம்புகோலைக் கீழே திருப்பி, ஸ்லைடைக் கடைசி வரை பின்னால் இழுத்து, பின்முனையைத் தூக்கி முன்னால் விட்டால் கழன்றுவிடும். ஸ்பிரிங்கின் எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று அப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பழையது கண்ணுக்கே தெரிகிற அளவு குட்டையாக இருந்தது.

மேகசின் ஸ்பிரிங்கையும் அதே அனுமதியில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு சுற்று அலைய வேண்டும். அது தளர்ந்தால் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காது. புதியதைப் போட்டுச் சுடுதளத்தில் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் நின்றது.

பினாங்குக் கடற்காற்றில் தோல் உறையில் வைத்துப் பூட்டினால் துரு நிச்சயம். துணியால் துடைத்து, உறையில்லாமல், சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். எண்ணெயை ஸ்லைடு ஓடும் தடத்தில் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். தோட்டாவை அடிக்கும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் விடவே விடாதீர்கள். கெட்டியாகிப் பிசின்போல ஒட்டிக்கொண்டால் அடி லேசாக விழுந்து தோட்டா வெடிக்காது.