எந்த மாசம் வாறது?

டொரொண்டோ மச்சாள் நேற்று இரவு கோல் எடுத்து, "பிள்ளையளோட வரப்போறம், எந்த மாசம் நல்லம்?" எண்டு கேட்டா. வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில நிண்டு கதைக்கேக்க கடல் பக்கமிருந்து மழை இரைஞ்சுகொண்டு வந்தது.

எங்கட இலங்கை சின்னன், ஆனா மழை ஒரே நேரத்தில எல்லா இடமும் பெய்யாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கொழும்பு, காலி, நுவரெலியா நனையும். அந்த நாளிலதான் கிழக்கில நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். டிசம்பரில மாறி, வாடை மழை வடக்கு கிழக்குக்கு. அப்ப தெற்கில மிரிசவில திமிங்கிலம் பாக்க வள்ளம் ஓடும்.

நான் ஆகஸ்ட் எண்டுதான் சொன்னன். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழா 25 நாள், பெரும்பாலும் அந்த மாசத்திலதான் வரும். மின்னேரியாக் குளம் வத்த, புல்லுத் தேடி யானையள் கூட்டம் கூட்டமா இறங்கும். அதைப் பிள்ளையள் கட்டாயம் பாக்கோணும்.

ஒக்டோபர், நவம்பர் மட்டும் வேண்டாம் எண்டன். பின்னேரத்தில இடியும் மின்னலும். 1978 நவம்பரில மட்டக்களப்பை அடிச்ச சூறாவளியை அம்மா இண்டைக்கும் சொல்லுவா.

"அப்ப கறுத்தக்கொழும்பான் மாம்பழம்?" எண்டா மச்சாள். அது ஆகஸ்டில அனேகமா முடிஞ்சிடும். ஜூலையிலயே வந்திடுங்கோ மச்சாள், மாம்பழமும் சாப்பிட்டு, நல்லூர்க் கொடியேற்றம் வரைக்கும் நிக்கலாம்.