கை காட்டும் கார்

2025 ஜூலை 27
மகனின் விளையாட்டுக் கார்கள், பதின்மூன்று. விறாந்தையின் இந்தத் தூணில் இருந்து அந்தத் தூண் வரை வரிசை. இருட்டில் ஒன்றை உழக்கிவிட்டேன். வீடு இரண்டுபட்டது.

ஜூலை 29
நல்லூர் கொடியேறிவிட்டது. கோயிலைச் சுற்றி வீதியெல்லாம் மூடியாயிற்று. தடையடியில் இறங்கி நடந்தோம். சனம் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட, இவன் பின்பக்கம் திரும்பி, தடைக்கு அங்கால் நின்ற வான்களை எண்ணினான். "முருகனிட்டயும் கார் இல்லையடா, மயில்தான்" என்றா மாமி. அழத் தொடங்கிவிட்டான்.

ஜூலை 31
மாமா நுங்குக் கோம்பையில் வண்டில் செய்து கொடுத்தார். பார்த்துவிட்டுச் சொன்னது: "இதுக்குக் கை இல்லை."

ஆகஸ்ட் 1
கிளினிக்குக்கு இன்னும் பதினொரு நாள்.

முன்பள்ளி ரீச்சர் நல்லவ, மனம் நோகாமல்தான் சொன்னா. வட்டமாக இருக்கச் சொன்னால் இருக்கிறான் இல்லையாம். கதையில் கார் வந்தால்தான் நிமிர்கிறானாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான். சித்தி கனடாவில் இருந்து ஓட்டிசம் பற்றி வீடியோ மேல் வீடியோ அனுப்புகிறா. எல்லாவற்றிலும் ஒரு பிள்ளை சாமான்களை வரிசையாக அடுக்குகிறது. இரவு இரண்டு மணி மட்டும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவனாகவே தெரிகிறது. விடிய எழும்பி பதின்மூன்றையும் அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தேன். அவன் அழவில்லை. குசினிக்குள் போய்ப் போத்தல் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, நாலு நாலாக வைத்துச் சில்லு என்றான். பத்து மணிக்குக் கார்களை இறக்கிக் கொடுத்துவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. கட்டாரில் இருந்துகொண்டு அவர் என்ன செய்யிறது?

ஆகஸ்ட் 3
மாமரத்தடியில் இருந்து மாமாவின் மொரிஸ் மைனரை வெளியே எடுத்தார்கள். 1961க்கு முந்தின கார். திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுக்குப் பின்னால் தூணுக்குள் ஒரு கை மடங்கிக் கிடக்கும். ஸ்விட்சைத் திருப்பினால் டக்கென்று செம்மஞ்சளாய் நீட்டும். சில நேரம் சிக்கிவிடும். மாமா உள்ளே இருந்து தூணில் ஒரு குத்து விட்டால் வரும். அந்தக் குத்துக்காகவே இவன் காத்திருப்பான்.

தொண்ணூறுகளில், யுத்த நேரம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாத காலத்தில் இதே கார் மண்ணெண்ணெயில் ஓடியதாம். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், ஸ்ரார்ட் பண்ண மட்டும். எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பழைய எஞ்சினில் அமுக்கம் குறைவு, அதுதான் தாக்குப்பிடித்தது என்றார் மாமா. பின்னால் வெள்ளைப் புகையாம்.

"அப்பப்பா, காருக்குக் காய்ச்சலோ? ஊசி போட்டதோ?"

இந்தக் கிழமை அவன் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி இது. காய்ச்சல் மாறிவிட்டது என்று மாமா மினக்கெட்டு விளக்கினார்.

ஆகஸ்ட் 5
மைனருக்குக் கொழும்பில் இருந்து யாரோ விலை கேட்டிருக்கிறார்கள். கலியாணங்களுக்கு வாடகைக்கு விடவாம்.

ஆகஸ்ட் 8
கஸ்தூரியார் வீதியில் பளபளவென்று ஒரு புதுக்கார். 2020இல் நிறுத்தின இறக்குமதி இந்த வருசம்தான் திறந்தது. இவனுக்கு வயது நாலு. பிறந்ததில் இருந்து நாட்டுக்குள் புதுக்கார் வராத பிள்ளை. கிட்டப் போய் முகர்ந்து பார்த்தான். கடைக்காரர் சிரித்தார், எனக்குத்தான் வெட்கம்.

நம்பர் பிளேட்டில் என்பீ என்றால் வடக்கு, டபிள்யூபீ என்றால் கொழும்புப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்தேன். வீடு வரும் வரை வாசித்துக்கொண்டே வந்தான். அரிவரிப் புத்தகத்தோடு நான் ஒரு மாதம் பட்ட பாடு!

ஆகஸ்ட் 11
நித்திரை இல்லை.

ஆகஸ்ட் 12
மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். ஒரு கார்தான் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருந்தேன், மற்றக் காற்சட்டைப் பையில் இன்னொன்று இருந்தது.

டொக்டர் அம்மா வரிசையைப் பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. அடுக்கிறதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல ஏலாதாம், இந்த வயதில் இப்படி ஒன்றில் பிடிபடுகிற பிள்ளைகள் நிறையவாம். வேறு கேட்டா. புதுசாக ஏதும் கண்டால் உங்களிடம் கொண்டுவந்து காட்டுவாரா? விரலால் சுட்டுவாரா? கூப்பிட்டால் திரும்புவாரா?

"கை காட்டுவார்" என்றேன் நான்.

எப்படி என்றா. ஒழுங்கைக்குள் திரும்பும்போது இடக்கையை விறைப்பாக நீட்டுவான், திரும்பி முடிந்ததும் மடக்குவான் என்றேன். சொல்லச் சொல்லவே அவ கேட்டது இதை இல்லை என்று விளங்கிவிட்டது. அவ சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டா. மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னா. கார்களைப் பறிக்க வேண்டாம், நீங்களும் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கோ என்றா.

ஆகஸ்ட் 13
பக்கத்தில் இருந்தேன். நீலக் காரை வரிசையின் நடுவில் விட்டேன். எடுத்துக் கடைசியில் வைத்தான். திரும்ப விட்டேன். திரும்ப வைத்தான். நாலாம் தரம் என் முகத்தைப் பார்த்தான்.

ஆகஸ்ட் 14
மழை. கார்களுக்குக் குடை வேணுமாம்.

ஆகஸ்ட் 16
கொழும்புக்காரர் நாளைக்கு வருகிறாராம். அவனுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. மாமா காலையில் இருந்து ஒன்றும் பேசாமல் சில்லுக் கழுவுகிறார். அவன் வாளி தூக்கிக் கொடுக்கிறான்.