இரண்டாவது காலடி

நவம்பர் 29, 2025, சனி

தோற்றோம், அமெரிக்கக் கால்பந்தில், எங்கள் கல்லூரி அணி. சாக் மூன்று, அதாவது பந்தை எறிகிற எங்கள் க்வார்ட்டர்பேக்கை எதிரணி பின்னாலேயே மூன்று தடவை மடக்கியது. அதைத் தடுக்க வேண்டியது முன்வரிசை ஐந்து பேர், லைன்: நடுவில் சென்டர், இருபுறமும் கார்ட், அவர்களுக்கு வெளியே டாக்கிள். மூன்றும் இடது கார்டுக்கும் இடது டாக்கிளுக்கும் நடுவிலிருந்து.

நவம்பர் 30, ஞாயிறு

காலை பதினொரு மணிக்குக் கூட்டம், ஆறே நிமிஷம். தலைமைப் பயிற்சியாளர் இனி இல்லை. மற்றவர்கள் புதியவர் வரும்வரை இருக்கலாம்.

எங்கள் கோச், லைனைப் பயிற்றுவிப்பவர், நேராகப் படம் ஓட்டும் அறைக்குப் போய் உட்கார்ந்து நேற்றைய ஆட்டத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார். 68 ப்ளே (பந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு ப்ளே), ஐந்து பேர், 340 வரி. ஒவ்வொரு வரிக்கும் மூன்று குறி: தடுக்க வேண்டியவனைத் தடுத்தானா, கால் கை முறையாக இருந்ததா, விசில் ஊதும்வரை விடாமல் தள்ளினானா. சீசன் முடிந்துவிட்டது, இதை யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தும் ஒரு வரியைக்கூட அவர் விடவில்லை.

மூன்று சாக்கும் ஒரே வித்தை, டி-இ ட்விஸ்ட். நம் கார்டுக்கு எதிரே நிற்கும் எதிரணியின் டிஃபென்ஸிவ் டாக்கிள் வெளிப்பக்கம் பாய்ந்து நம் டாக்கிளின் உள்தோளில் இடிப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு எண்ட், அவர்களுடைய ஓரத்து ஆள், உள்ளே வருவான். கார்ட் செய்ய வேண்டியது, பாய்கிறவனை இடது கையால் அழுத்தி டாக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, தோளைத் திருப்பாமல் அங்கேயே நின்று எண்டுக்காகக் காத்திருப்பது. நம் டாக்கிள் வேகமான எண்டுக்குப் பயந்து நாலு யார்டு பின்னால் போய்விட்டான். கார்டோ முன்னால் பாய்ந்து பிடிக்கப் போனான். இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் இல்லை. மட்டம் மாறினால் ஒப்படைக்க ஆள் கைக்கெட்டாது. துரத்திக்கொண்டு போனால் தோள் திரும்பிவிடும், எண்டுக்கு வாசல் திறந்துவிடும்.

பையன்மேல் தப்பில்லை, இரண்டு பேருக்கும் ஒரே அழைப்பில் வேறு வேறு செட் (தடுக்க நகர்ந்து நிற்கும் முறை) சொல்லிக்கொடுத்தது நாம்தான் என்று கோச் குறிப்பேட்டில் எழுதினார்.

டிசம்பர் 1, திங்கள்

படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன். இடது கார்டின் இடது கால்.

வலப்பக்கம் போகும் இன்சைட் ஸோனில் (லைன் முழுதும் ஒரே பக்கம் நகர்ந்து, பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறக்கும் ப்ளே) அவனுக்கு முதல் காலடி வலது கால், ஆறு அங்குலம். அதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். முகாமுக்கு வருகிற பதினாறு வயதுப் பையனும் அதை ஒப்பிப்பான். கோச் முதல் காலடியைப் பார்ப்பதே இல்லை. எதிராளியைத் தொடுகிற அந்தக் கணத்தில் இரண்டாவது கால் தரையில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்.

இரண்டு அணிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பந்தின் நீளம்தான், சுமார் 11 அங்குலம். ஆறு அங்குலம் வைக்க வேண்டிய இடத்தில் 12 அங்குலம் வைத்தால், இரண்டாவது கால் கிளம்பும்போதே எதிராளி நெஞ்சில் இருப்பான். ஒற்றைக்காலில் நிற்கிறவனை 300 பவுண்டு இடிக்கிறது. அந்த நேரத்தில் கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, நிமிர்ந்துதான் ஆக வேண்டும். நிமிர்ந்ததும் எதிராளியின் கை உள்ளே புகுந்துவிடும். டிவியில் பார்க்கிறவர்கள் பையன் பலவீனமாக இருக்கிறான் என்பார்கள். எடைத்தூக்கும் அறைக்கு அனுப்பச் சொல்வார்கள்.

சனிக்கிழமை ஆட்டத்தில் வலப்பக்க ஸோன் 14 தடவை. இடது கால் அந்தரத்தில் இருந்தது ஒன்பது.

டிசம்பர் 3, புதன்

கையெழுத்து நாள், பள்ளிப் பையன்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்துப் போடுவது. இரண்டு பையன்கள் வருவதாக இருந்தார்கள். ஒருவன் நேற்று இரவே வேறு பக்கம் போய்விட்டான். இன்னொருவனின் அம்மா காலை ஏழு மணிக்குக் கோச்சைக் கூப்பிட்டு, "நீங்க அங்க இருப்பீங்களா?" என்று கேட்டார். தெரியாது என்று கோச் உண்மையைச் சொன்னார். பையன் கையெழுத்துப் போடவில்லை.

லைன் கோச்சின் கணக்கு மற்ற கோச்சுகளுடையது மாதிரி இல்லை. ஓட்டக்காரனைப் பிடித்தால் அடுத்த செப்டம்பரிலேயே ஆடவிடலாம். லைனுக்குப் பள்ளியிலிருந்து 255 பவுண்டில், நீளமான கையோடு, கணுக்கால் நன்றாக மடங்குகிற பையன் வருவான். மல்யுத்தமோ கூடைப்பந்தோ ஆடியிருந்தால் இன்னும் நல்லது. அவன்மேல் 45 பவுண்டு ஏற்ற வேண்டும், ஏறிய எடையோடு பழைய வேகத்தில் காலை நகர்த்தவும் சொல்லித்தர வேண்டும். இன்று கையெழுத்துப் போடுகிறவன் உருப்படியாக ஆடுவது 2028இல். அதற்குள் கோச் இரண்டு ஊர் மாறியிருப்பார். தான் தேர்ந்தெடுத்த பையன் சீனியராக ஆடுவதை இந்த மனிதர் ஒன்பது ஊர்களில் இரண்டு ஊரில்தான் பார்த்திருக்கிறார்.

டிசம்பர் 4, வியாழன்

ஒன்பது. 14இல் ஒன்பது.

டிசம்பர் 6, சனி

ஆட்டமில்லாத சனிக்கிழமை. அறையில் பழைய லைன் கோச் ஜோ மூரைப் பற்றிய பேச்சு வந்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மனம் சரியில்லாதபோது அவர் பேச்சுத்தான் வரும்.

பென்சில்வேனியாவில் அப்பர் செயின்ட் கிளேர் பள்ளியில் கோச்சாக இருந்தவர். அங்கே அவரிடம் ஆடிய பையன்களில் ஒருவர் கிர்க் ஃபெரென்ட்ஸ். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க் மே, ரஸ் கிரிம், ஜிம்போ கோவர்ட், பில் ஃப்ராலிக் என்று லைன் ஆட்டக்காரர்களை வரிசையாக உருவாக்கினார். 1980இல் ஃபெரென்ட்ஸ் அங்கேயே அவருக்குக் கீழே மாணவ உதவியாளர். 1981இல் அயோவா பல்கலைக்கழகத்தின் லைன் கோச். நடுவில் மெய்ன் பல்கலைக்கழகம், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். என்று சுற்றிவிட்டு 1999இல் அயோவாவுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி இன்றுவரை இருக்கிறார். லைன் அறையிலிருந்து தலைமை நாற்காலிக்குப் போனவர்கள் குறைவு. போனவர்களில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தவர்கள் இன்னும் குறைவு.

மூரின் கதை அப்படி முடியவில்லை. 1988 முதல் 1996 வரை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இருந்தார். தலைமை மாறியதும் வெளியே அனுப்பினார்கள். அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. வழக்குப் போட்டார். வயதைக் காரணமாக வைத்துத்தான் நீக்கினார்கள் என்று 1998இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2003இல் காலமானார். 2015 முதல் அவர் பெயரில் விருது கொடுக்கிறார்கள். தனியாள் யாருக்கும் கிடையாது, ஒரு கல்லூரியின் மொத்த லைனுக்கும் சேர்த்துத்தான். கோப்பை ஏழடி உயரம், 800 பவுண்டு. 2016இல் அதை வாங்கியது ஃபெரென்ட்ஸின் அயோவா. 2024இல் ஆர்மி. ராணுவக் கல்லூரி லைன் அதை வாங்கியது அத்தனை லைன் கோச்சுகளுக்கும் கிடைத்த மரியாதை என்று நினைக்கிறேன்.

கோச்சுக்கு 61 வயது.

டிசம்பர் 9, செவ்வாய்

யாரும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

ஒரு சின்னக் கல்லூரி கூப்பிட்டு, தங்கள் பாஷையை, அதாவது மைதானத்தில் சொல்லும் அழைப்புப் பெயர்களை, அனுப்பியிருக்கிறது. ஊர் மாறும்போது முதலில் மாறுவது பெயர்கள். சென்டரும் கார்டும் சேர்ந்து ஒருவனைத் தள்ளுவது பல இடங்களில் ஏஸ், கார்டும் டாக்கிளும் சேர்ந்தால் டியூஸ், டாக்கிளும் அவனுக்கு வெளியே நிற்கும் டைட் எண்டும் சேர்ந்தால் ட்ரே. இவர்கள் மூன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும், அது கஷ்டமில்லை. அழைப்பை முதலில் யார் சொல்வது என்பதுதான் கஷ்டம். இங்கே எதிரணியின் மைக் லைன்பேக்கரை, அவர்கள் முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவனை, சென்டர் கைகாட்டுவான். அங்கே க்வார்ட்டர்பேக் காட்டுவானாம். இரண்டு வருஷம் சென்டராக இருந்து வாய் திறந்து பழகியவனை வாயை மூடச் சொன்னால் காலும் மந்தமாகிவிடும். இதைப் பல இடங்களில் பார்த்தாயிற்று.

டியூஸ் எந்தப் பெயரில் வந்தாலும் வேலை ஒன்றுதான். நாலு கை ஒருவன்மேல், நாலு கண் லைன்பேக்கர்மேல். இடுப்போடு இடுப்பு ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. லைன்பேக்கர் நம் பக்கத்துக்கு வந்த பிறகுதான் ஒருவன் கழன்று போகலாம். கெட்டுப்போகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: லைன்பேக்கரைப் பார்த்த உற்சாகத்தில் அரை நொடி முன்னால் கழன்றுவிடுவார்கள். கீழே இருக்கிற தடியன் அந்த இடைவெளியில் புகுந்து ஓட்டக்காரனைப் பின்னாலேயே மடக்குவான்.

டிசம்பர் 16, செவ்வாய்

புதிய தலைமைப் பயிற்சியாளரை அறிவித்துவிட்டார்கள். அவருக்கென்று லைன் கோச் இருக்கிறார், பதினொரு வருஷமாகக் கூடவே இருப்பவர். இப்படித்தான் இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

லைன் கோச் மில்ட் டெனோபிர் 1974 முதல் 2002 வரை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். டேவ் ரிமிங்டன், டீன் ஸ்டைன்குலர், வில் ஷீல்ட்ஸ், ஸாக் வீகர்ட் எல்லோரும் கல்லூரி லைன் ஆட்டக்காரர்களுக்கான அவுட்லேண்ட் கோப்பை வாங்கியது அந்த ஒரே அறையிலிருந்து. ரிமிங்டன் இரண்டு தடவை, 1981, 1982. அங்கே தலைமைப் பயிற்சியாளராக டாம் ஆஸ்போர்ன் 25 வருஷம் மாறாமல் இருந்தார். முதல் வருஷப் பையன் நாலாம் வருஷப் பையனைப் பார்த்துக் கற்றுக்கொண்டான், கோச் திருத்த மட்டும் செய்தால் போதும். பெயர் கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளும் போர்ட்டல் வந்தபிறகு அப்படி ஒரு அறையைக் கட்ட முடியுமா? காலையிலிருந்து யோசிக்கிறேன். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு சீசன் தாண்டினாலே பெரிய விஷயமாகிவிட்டது. டி-இ ட்விஸ்டை ஒப்படைக்க ஒரு கார்டும் டாக்கிளும் ஒருவரையொருவர் பார்க்காமலே மட்டம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான தடவை பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். காசு கொடுத்து அதை வாங்க முடியாது.

டிசம்பர் 21, ஞாயிறு

இடது கார்ட் வந்தான். இருக்கவா போகவா என்று கேட்டான். கோச் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவனுடைய 14 ப்ளேயையும் ஓட்டிக் காட்டினார். ஆறாவதில் அவனே நிறுத்தச் சொல்லி, "கோச், கால் மேலே இருக்கு" என்றான்.

அக்டோபரிலேயே இதைக் காட்டியிருக்கலாம். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்கு அனுமதி. எடை, கூட்டம், மைதானம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடுத்த எதிரணியின் ப்ளிட்ஸ்களை (க்வார்ட்டர்பேக்மேல் கூடுதல் ஆட்களை ஏவும் தாக்குதல்கள்) படிக்கவே நேரம் தீர்ந்துவிடுகிறது. செப்டம்பருக்குப் பிறகு காலடி சொல்லிக்கொடுப்பதை எல்லோரும் குறைத்துவிடுகிறார்கள். நவம்பரில் லைன் தேய்வது அதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். களைப்பு அதற்கு அடுத்த காரணம்தான்.

டிசம்பர் 27, சனி

பனி. உள்ளரங்கில் யாருமில்லை.

ஐந்து பலகைகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. இரண்டு அங்குலக் கனம், 12 அங்குல அகலம், எட்டடி நீளம். கோச்சின் சொந்தப் பலகைகள். ஓரங்களைச் சாய்வாக இழைத்திருக்கிறார், செங்குத்தாக விட்டால் மிதிக்கிறவன் கணுக்கால் பிசகும். பையன் பலகைக்கு இருபுறமும் கால் வைத்து நின்று எதிராளியைப் பலகையின் கடைசிவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். கால் பலகையில் பட்டால் இரண்டு காலும் கூடிவிட்டது என்று அவனுக்கே தெரியும், யாரும் கத்த வேண்டியதில்லை. நடுப்பலகையில் ஒரு முனையிலிருந்து ஒன்றரை அடியில், இடது ஓரத்தில் மட்டும், பச்சைப் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. கையால் தடவினால் அந்த இடம் வழவழப்பாக இருக்கிறது. அது இடது கார்டின் பலகை.

பக்கத்தில் சூட். தலைக்கு மேலே கம்பி போட்ட கூண்டு, நிமிர்ந்தால் இடிக்கும். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கம்பிக்குப் பயந்து பையன்கள் முட்டியை மடக்காமல் இடுப்பை மடக்குகிறார்கள். முதுகு வளைந்து தலை தொங்கிவிடுகிறது. தலை தொங்கினால் எதிராளியைப் பார்க்க முடியாது, கழுத்துக்கும் ஆபத்து. அந்தப் பழக்கத்தைத் திருத்த இன்னொரு மாதம் வேண்டும். பலகையில் அந்தக் கெடுதல் இல்லை.

ஜனவரி 2, 2026, வெள்ளி

போர்ட்டல் திறந்தது. காலை 9.40க்கு இடது டாக்கிள் பெயர். பதினைந்து நிமிஷத்தில் மாற்று சென்டர் பெயர்.

ஜனவரி 3, சனி

இடது கார்ட் பெயர் இல்லை.

ஜனவரி 5, திங்கள்

நேர்காணல் வியாழக்கிழமை. எழுதும் பலகையில் வரைந்து காட்டச் சொல்வார்கள்: இன்சைட் ஸோனை ஆட் ஃப்ரன்டுக்கு (சென்டருக்கு நேரே ஒருவன் நிற்கும் எதிரணி அமைப்பு) எதிரே, பதினைந்து நிமிஷத்தில். பலரும் ஐந்து வட்டமும் அம்புக்குறிகளும் போட்டு முடித்துவிடுவார்கள். கோச் வட்டம் போடுவதில்லை, பாதம்தான் போடுவார். ஐந்து பேருக்கும் பத்துப் பாதம், முதல் காலடி நீலம், இரண்டாவது சிவப்பு. சென்டர்மேல் நேராக நோஸ் என்கிற அந்த எதிராளி நிற்கும்போது சென்டரும் பின்பக்க (ஓட்டம் போகாத பக்கத்து) கார்டும் சேர்ந்துதான் அவனை நகர்த்த வேண்டும். கார்டின் சிவப்புப் பாதம் சென்டரின் நீலப் பாதம் இருந்த தடத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். அப்போதுதான் இடுப்புகள் ஒட்டும்.

படத்துண்டுகள் நான் வெட்டுகிறேன். ஒரு விஷயத்துக்குப் பன்னிரண்டு துண்டு, முதலில் நாலு தப்பு, பிறகு எட்டு சரி. பின்னாலிருந்து எடுத்த கோணம் மட்டும். பக்கக் கோணத்தில் இடுப்பு உயரம் தெரியும், பாத அகலம் தெரியாது.

நவம்பர் 29 ட்விஸ்டைப் போடலாமா என்று கேட்டேன். முதலில் அதைப் போடு என்றார்.

ஜனவரி 8, வியாழன்

போய்விட்டு வந்தார். நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார்கள். அதில் இருபது நிமிஷம் போர்ட்டலிலிருந்து யாரைக் கொண்டுவருவீர்கள் என்ற கேள்வி.

ஜனவரி 11, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

கிடைத்துவிட்டது. சம்பளம் குறைவு, ஊர் சின்னது, லைனில் திரும்பி வருகிறவர்கள் இரண்டே பேர். அவர்களுடைய படத்தை இன்று இரவே கேட்டிருக்கிறார். முதல் ஆளை ஓட்டினோம். வலது டாக்கிள், ஆறடி ஆறங்குலம், உதைத்துப் பின்வாங்கும்போது உள்கால் தரையைவிட்டுக் கிளம்புகிறது. அந்தக் காலை இழுக்க வேண்டும், தூக்கக்கூடாது. தூக்கினால் அந்தக் கணத்தில் உள்பக்கம் வெட்டுகிறவனைத் தடுக்க அவனிடம் கால் இல்லை. எட்டு ப்ளேயில் ஐந்து.

ஜனவரி 14, புதன்

நாலு பலகையை வண்டியில் ஏற்றினோம். நடுப்பலகையைத் தூக்கப் போனேன், வேண்டாம் என்றார். இடது கார்ட் நாளைக் காலை ஆறு மணிக்கு உள்ளரங்குக்கு வருகிறானாம், தனியாக.