அழிக்காத கரும்பலகை

2018 நவம்பரில் ஹிரோஷிமாவின் ஒரு தொடக்கப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் போயிருந்த எனக்கு அவர்கள் மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் போர்டில் இருந்த படம் புரிந்தது. இணைகரம். நான் ஏழாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிற அதே பாடம்.

நான் நடத்தினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே "அடிப்பக்கம் பெருக்கல் உயரம்" என்று எழுதிவிடுவேன். அப்புறம் மணி அடிக்கிறவரை கணக்குதான். அந்த ஆசிரியை ஒரே ஒரு கேள்வியை எழுதினார். செவ்வகத்தின் பரப்பளவு காண உங்களுக்குத் தெரியும், இதற்கு எப்படிக் காண்பீர்கள்? அவ்வளவுதான். பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் வெட்டியும் ஒட்டியும் பார்க்கத் தொடங்க, அவர் மேசைகளுக்கு இடையே மெதுவாக நடந்தார். கையில் வகுப்பின் இருக்கைப் படம். ஒவ்வொரு பெயருக்குக் கீழும், அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொண்டே போனார். திருத்தவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

பிறகு முதலில் எழுப்பியது, தவறாகச் செய்திருந்த ஒரு பையனை. இரண்டு பக்கங்களையும் பெருக்கியிருந்தான். அவன் விடையை அப்படியே போர்டில் எழுதி, பக்கத்தில் அவன் பெயர் எழுதிய காந்த வில்லையை ஒட்டினார். அடுத்து ஓரத்து முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் சேர்த்தவள். அடுத்து நடுவில் வெட்டி நகர்த்தியவன். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தபோது இடது மூலையில் கேள்வி, நடுவில் பிள்ளைகளின் வழிகள், வலது ஓரத்தில் அவர்களே சொன்ன சூத்திரம் என்று முழுப் பாடமும் போர்டில் இருந்தது. தப்பான விடையைக்கூட அவர் அழிக்கவில்லை. நான் ஒரு பீரியடில் மூன்று தடவை போர்டைத் துடைப்பவள். மூன்றாவது வரிசைப் பிள்ளை எழுதி முடிப்பதற்குள் என் டஸ்டர் அங்கே போய்விடும்.

அந்த ஆசிரியையின் வீட்டில்தான் எனக்கு ஆறு நாள் தங்கல். அவரும் வயதான அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. நான் அவரை சென்செய் என்றேன். அங்கே ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். "டீச்சர்" என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சர்.

நான் சைவம். ஜப்பானிய சமையலில் அது எவ்வளவு சிரமம் என்று போன பிறகுதான் தெரிந்தது. சூப், குழம்பு, காய்கறி வேகவைக்கிற தண்ணீர், எல்லாவற்றுக்கும் அடி ருசி 'தாஷி' என்கிற சாறு. அதில் பெரும்பாலும் காய்ந்த மீனைச் சீவிய துருவல் இருக்கும். இரண்டாம் நாள் காலையில் சமையலறைக்குப் போனேன். அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தில் இருந்த பொருள் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டு அதைத் தள்ளி வைத்தார். அடுப்பில் கொம்பு என்கிற கடற்பாசியும் ஷிடாகே காளானும் ஊறிக்கொண்டிருந்தன. எனக்காக முந்தின இரவே போட்டிருக்கிறார். அம்மாவும் நானும் பேசிக்கொள்ள ஒரு பொதுச்சொல் கிடையாது. அந்தப் பாத்திரத்தைப் பார்த்து நான் கைகூப்பினேன், அவரும் குனிந்தார்.

சென்செயும் நானும் போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு பேசினோம். ஒரு ராத்திரி என் மொழியில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். "நான் நாளை பள்ளிக்குப் போகிறேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் அவர் மொழியை எழுதினார்: வதாஷி வா, அஷிதா, கக்கோ நி, இகிமாஸ். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. நம் 'கு' இருக்கிற இடத்தில் அவர்களுடைய 'நி', நம் வினைச்சொல் போலவே கடைசியில் அவர்களுடைய வினைச்சொல். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் எழுதினார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எப்படியும் போகட்டும். அந்தக் காகிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் எங்களைச் சேர்த்தது அந்தக் காகிதம் இல்லை. அடுத்த நாள் நடந்த கூட்டம்.

ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்று ஒன்று உண்டு, பாட ஆய்வு. ஒருவர் நடத்துகிற பாடத்தை மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் வந்து பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நான் பார்த்த இணைகரப் பாடமும் அப்படித் திட்டமிட்டதுதான். நம்மிடத்தில் பின்வரிசையில் யாராவது உட்கார்ந்தால் அது அதிகாரியின் பார்வை. யாரை எழுப்பினால் பதில் வரும் என்று முதல்நாளே தீர்மானித்து வைத்திருப்போம். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் சக ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் குறை சொன்னார்கள். முதல் பையன் தன் தவறு எங்கே என்று உணர்ந்தானா? ஜன்னல் ஓரப் பெண் ஏன் இரண்டு முறை அழித்தாள்? சென்செய் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவருக்காக என் முகம் சுண்டிப்போனது.

இரவு வீட்டில் கேட்டேன், வருத்தமாக இல்லையா? செயலி சொன்ன பதில்: "முப்பது பிள்ளைகளை நான் ஒருத்தி பார்க்க முடியாது. இன்று பத்துப் பேர் எனக்காகப் பார்த்தார்கள்." அப்புறம் இருக்கைப் படத்தை என் முன் வைத்து, நீங்கள் எந்தப் பிள்ளையைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் போர்டையும் அவரையும் மட்டுமே பார்த்திருந்தேன். சொன்னேன். இப்படி ஒரு ஒப்புதலை எந்தச் சக ஆசிரியரிடமும் அதுவரை நான் சொன்னதில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபுகுரோமாச்சி தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு வெடித்த இடத்துக்கு நேர்கீழிருந்து சுமார் 460 மீட்டர் தூரத்தில் இருந்த பள்ளி. எஞ்சிய கட்டடம் சிகிச்சை முகாமானது. உறவினரைத் தேடி வந்தவர்கள், புகை படிந்து கருத்துப்போன சுவர்களில் சாக்பீஸால் பெயர்களையும் விலாசங்களையும் எழுதிவைத்தார்கள். பிறகு பூச்சுக்குள் மறைந்த அந்த எழுத்துகள் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து வெளிப்பட்டன. 2002 முதல் அந்த இடம் நினைவகம். அந்தச் சுவரின் முன் நாங்கள் இருவரும் நின்றோம். இரண்டு பேருடைய விரலிலும் தினம் சாக்பீஸ் தூள் ஒட்டுகிற வேலை. செயலியை இருவருமே எடுக்கவில்லை.

ஊருக்கு வந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போர்டைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினேன். அவரும் அனுப்புவார். கொரோனாவில் பள்ளி மூடிய மாதங்களில் மட்டும் படம் இல்லை. 2023 ஆகஸ்டில், தன் கோடை விடுமுறையில் அவர் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு நாள் தங்கினார். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவைப் பற்றிச் சொன்னபோது, தங்கள் நாட்டில் பள்ளி உணவுச் சட்டம் 1954இல் வந்தது என்று சொல்லி, வரிசையில் பிள்ளைகளோடு தட்டேந்தி நின்றார்.

ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டார், கொடுத்தேன். மறுநாள் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டம். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம், தவறுக்குத்தான் டிக். விளக்கிச் சொன்னதும் ஒருவர் வட்டத்தை ஒருவர் எண்ண ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் நான் இணைகரம் நடத்தினேன், அவர் கடைசியில் உட்கார்ந்தார். முடிந்ததும் என் வகுப்பின் இருக்கைப் படத்தைக் காட்டி, சுவர் ஓரம் ஒரு பெயரின் மேல் விரல் வைத்தார். அந்தப் பெண் பக்கத்து நோட்டைப் பார்த்து விடை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பென்சிலில், இணைகரத்தை மூலைவிட்டத்தில் இரண்டு முக்கோணமாக வெட்டிப் பார்த்து, பாதியில் அழித்திருந்தாள். ஜூனிலிருந்து அவள் என் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்குக் கணக்கு வராது என்றே நான் நினைத்திருந்தேன். நெஞ்சு சுருக்கென்றது. இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் பதில் பேசியிருப்பேன். அவரிடம் "நாளைக்கு அவளை முதலில் எழுப்புகிறேன், சென்செய்" என்றேன். எழுப்பினேன், அவளும் சொன்னாள்.

2024 மார்ச்சில், அங்கே கல்வியாண்டு முடியும்போது, சென்செய் ஓய்வுபெற்றார். இப்போது வெள்ளிக்கிழமைப் படம் என்னிடமிருந்து மட்டும்தான் போகிறது. மூலையில் சிவப்பு வட்டம் போட்டு அவர் திருப்பி அனுப்புவார். போன வாரம் வட்டத்தோடு ஒரு டிக்கும் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் கையகலத்துக்கு வெண்மையாக ஒரு திட்டு, அவசரத்தில் நான் டஸ்டரால் தேய்த்த இடம்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும், அங்கே எழுதியிருந்தது யாருடைய விடை என்று கேட்டேன். இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.