16ஆம் பிரிவு வாக்குமூலம்: எங்களுக்குக் கைகொடுத்த கடதாசிகளும் கைவிட்ட கடதாசிகளும்

எங்கள் ஆளிடம் பொலிஸார் எடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று போன மாதம் மேல் நீதிமன்றத்தில் கட்டளை வாசிக்கப்பட்டது. ஆள் கைதாகி இது ஆறாவது வருடம். வாக்குமூலம் சுயவிருப்பில் தரப்பட்டதா என்று பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணைக்கு மட்டும் பதினேழு தவணை. அதில் ஒன்பது, சாட்சி வராமலோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலோ வீணாய்ப் போனவை. சட்டத்தரணிகளுக்குக் கோப்புச் சேர்த்துக் கொடுத்து, கந்தோர் கந்தோராய் அலைந்தவர்கள் நாங்கள். இப்போது அதே நிலையில் நிற்கிற குடும்பங்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறோம்.

ஆளைப் பிடித்தது இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். அது என்ன என்று அந்தக் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறோம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் சொன்ன ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராகப் பாவிக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டமான 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேல் தரத்தில் உள்ளவரிடம் சொன்னதைச் சாட்சியமாக்கிவிடுகிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு இன்னும் கொடியது. பயமுறுத்தியோ அடித்தோ வாங்கிய வாக்குமூலம் என்று காட்டும் பாரத்தை அது அடிபட்டவரின் தலையிலேயே வைக்கிறது. பூட்டிய அறைக்குள் நடந்ததைச் சாட்சி இல்லாமல் காட்ட வேண்டும். கடதாசிக்காக நாங்கள் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் அதுதான்.

முதல் அடி சட்ட வைத்திய அறிக்கையில் விழுந்தது. வாக்குமூலம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆளை, நீதிமன்றத்துக்காகக் காயங்களைப் பரிசோதித்து எழுதும் அரச வைத்தியரான சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டியிருக்கிறார்கள். இரண்டு படிவத்திலும் காயம் இல்லை. பரிசோதிக்கப்பட்டவர் சொன்ன சுருக்க வரலாறு என்ற இடத்தில் 'முறைப்பாடு எதுவும் இல்லை'. அரச தரப்புக்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டியதில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் கதவடியில் நிற்க, திரும்பிப் போவதும் அதே அறைக்குத்தான் என்று தெரிந்த ஒருவர் வைத்தியரிடம் வேறென்ன சொல்லியிருப்பார்? ஆனால் அந்தப் படிவத்தைத் தூக்கி எறியாதீர்கள். யார் கூட்டி வந்தது, எத்தனை மணிக்கு, பரிசோதனை எவ்வளவு நேரம், எந்த மொழியில் கதைத்தது என்று ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். எங்கள் கோப்பில் ஆளைக் கூட்டிப்போன உத்தியோகத்தரின் இலக்கமும் வாக்குமூலத்துக்கு மொழிபெயர்த்தவரின் இலக்கமும் ஒன்று. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

உள்ளங்காலில் அடிப்பதும், பெற்றோல் மணக்கும் பொலித்தீன் பையால் முகத்தை மூடுவதும் சில கிழமைகளில் தோலில் எதையும் மிச்சம் வைக்காமல் போய்விடலாம். உடலில் தடயம் இல்லாததை வைத்துச் சித்திரவதை நடக்கவில்லை என்று முடிவெடுக்கக் கூடாது என்பது, சித்திரவதையை விசாரித்துப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையில் தெளிவாக உள்ளது. சட்டத்தரணி அந்தப் பந்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வைத்தியரைக் குறுக்கு விசாரணை செய்தார். தடயம் மறைந்திருக்கக்கூடும் என்று வைத்தியரும் ஒத்துக்கொண்டார்.

வைத்தியச் சான்று எடுப்பதில் தாமதம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு, இதே சட்டத்தில் தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் வழக்கைப் பார்த்தால் போதும். 1993இல் கைதானவர், சிங்களம் தெரியாதவர். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். கொழும்பு மேல் நீதிமன்றம் 1995இல் 50 வருடச் சிறை விதித்தது, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. விசாரணை நடந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்து எடுத்த வைத்தியச் சான்றிதழ் எதையும் உறுதியாகக் காட்டவில்லை என்று சொல்லியே நீதிமன்றங்கள் அவருடைய முறைப்பாட்டைத் தள்ளின. நிரூபிக்கும் பாரத்தை அவர்மேல் சுமத்தியது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. ஆனால் 2006இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை இங்கே நடைமுறைப்படுத்த மறுத்துவிட்டது. 16(2) இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது சிறைச்சாலைப் பதிவு. தடுப்புக் காவல் முடிந்து விளக்கமறியலுக்கு எடுக்கும்போது சிறை வைத்தியர் எழுதியது இரண்டே வரி: இடது காது கேள்வி குறைவு, வலது முழங்கைக்கு மேல் ஆறிய வட்டத் தழும்பு நான்கு. அந்த இரண்டு வரியிலிருந்து ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்பிய துண்டும், செவிப்பறை கிழிந்து ஆறியது என்ற குறிப்பும் கிடைத்தன.

கிடைத்தன என்று லேசாய்ச் சொல்கிறோம், ஆஸ்பத்திரிக்கு நான்கு தரம் போனோம். முதல் தரம் தாயாரிடம், 'அம்மா, இது கோர்ட்டுக்குத்தான் போகும், வீட்டுக்காரருக்குத் தர மாட்டோம்' என்றார்கள். அது சரிதான். ஆனால் நீதிமன்றம் கேட்க என்ன இலக்கம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பமான நகர்த்தல் பத்திரத்தில் பெயரும் திகதியும் மட்டும் போட்டோம். மூன்று மாதம் கழித்து 'பதிவு இல்லை' என்று பதில் வந்தது. பெயரைச் சிங்களத்தில் வேறு எழுத்தில் பதிந்திருந்தார்கள். பிறகு கிளினிக் இலக்கமும் வருடமும் போட்டுக் கேட்டதும் ஒரு கிழமையில் கோப்பு வந்தது. ஆகவே எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் கிளினிக் இலக்கம், வார்டில் வைத்திருந்தால் கட்டில் அட்டையின் (பி.எச்.ரி.) இலக்கம், சட்ட வைத்தியப் படிவத்தின் இலக்கம் ஆகியவற்றை ஆள் மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்லட்டும், நீங்கள் அன்றே எழுதி வையுங்கள். பெயரைச் சிங்களத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கைதான மறுகிழமையே முறைப்பாடு போட்டிருந்தது பெரிய ஆறுதல். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு இருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்குக் கடிதம் வேண்டும். முறைப்பாட்டில் 'அடித்தார்கள்' என்று ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். பயத்தில் 'கைது செய்தார்கள், விடுதலை செய்ய உதவுங்கள்' என்று மட்டும் எழுதிய குடும்பங்களிடம், சித்திரவதை பற்றி அப்போது ஏன் சொல்லவில்லை என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு (ஐ.சி.ஆர்.சி.) தடுப்பு முகாமுக்கு வந்து பார்த்தது என்பதை நம்பி இருக்காதீர்கள். அவர்களுடைய வேலை இரகசியம் காப்பதில் தங்கியிருக்கிறது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். நாங்கள் அதைத் தெரிந்துகொள்ள ஒரு தவணையைச் செலவழித்தோம்.

இனி அந்த வாக்குமூலம். 22 பக்கம், சிங்களத் தட்டச்சு. தொடங்கியது காலை 9.30, முடிந்தது 12.15. மொத்தம் 165 நிமிடம். சிங்களத்தில் கேள்வி, அதைத் தமிழாக்குவது, தமிழில் பதில், அதைச் சிங்களமாக்குவது, தட்டச்சு, கடைசியில் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டியது என்று அடியில் உறுதிமொழி. சட்டத்தரணி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை எழுப்பி முதல் பக்கத்தை மட்டும் தமிழில் வாசிக்கச் சொன்னார். ஆறு நிமிடம் எடுத்தது. 22 பக்கத்துக்கு 132 நிமிடம். மிச்சம் இருக்கும் 33 நிமிடத்தில் கேள்வி, பதில், தட்டச்சு எல்லாம் நடந்ததா என்று கேட்டார். பதிவு செய்த அதிகாரியால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்களுக்கு மூச்சு வந்தது. உங்கள் கோப்பிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதோடு, பொலிஸார் அன்றாடம் எழுதும் தகவற் புத்தகத்தின் சாரங்களையும் கேளுங்கள். மூன்று நகர்த்தல் பத்திரத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தந்தார்கள். வாக்குமூலத்துக்கு முந்திய நான்கு நாட்களும் ஆளைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்தது வாக்குமூலத்துக்கு மொழிபெயர்த்த அதே உத்தியோகத்தரே என்று அதில் இருந்தது.

இடையில் குற்றத்தை ஏற்றால் புனர்வாழ்வோடு முடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. வருடக் கணக்காய் உள்ளே இருப்பவர் அதை ஏற்றால் யாரும் குறை சொல்லக் கூடாது. ஏற்க முன் சேர்ந்து குற்றஞ்சாட்டப்பட்ட மற்றவர்களை நினையுங்கள்: 16(3)இன்படி ஒருவரின் வாக்குமூலத்தை, முக்கிய விடயங்களில் வேறு சாட்சியம் ஒத்துப்போனால், சேர்ந்து குற்றஞ்சாட்டப்பட்ட மற்றவருக்கு எதிராகவும் பாவிக்கலாம்.

இப்போது தடுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழி கூடியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தம் தடுப்புக் காவலை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. மாதத்துக்கு ஒரு தடவையாவது நீதவான் தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும், சித்திரவதை நடந்திருக்கலாம் என்று கருதினால் வைத்திய பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நீதவான் வரும்போது பொலிஸார் இல்லாமல் கதைக்க வேண்டும் என்று கேட்கவும், சொன்னது வழக்கேட்டில் பதிவானதா என்று சட்டத்தரணி மூலம் பார்க்கவும் வேண்டும். பதிவாகாத வார்த்தை ஐந்து வருடம் கழித்து உதவாது.

2017இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. விசேட அறிக்கையாளர் பென் எமர்சனிடம், இந்தச் சட்டத்தின் கீழான வழக்குகளைக் கேட்கும் மூத்த நீதிபதி ஒருவர், அந்த வருடம் தான் கையாண்டவற்றில் 90 சதவீதத்துக்கு மேலானவற்றில் வாக்குமூலத்தை நிராகரிக்க வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். வலுக்கட்டாயம் அல்லது மிரட்டல்தான் காரணம். சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை ஏழு வருடம், கூடியது பத்து. எங்கள் கட்டளையில் வாக்குமூலம் சுயவிருப்பில் தரப்பட்டதல்ல என்று எழுதியிருக்கிறது. அதை எடுத்தவர்மேல் இதுவரை ஒரு விசாரணைக் கோப்பும் திறக்கப்படவில்லை. அதை நினைக்கும்போது கட்டளை தந்த நிம்மதி பாதியாகிறது.

கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதிக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். நாங்கள் அடுத்த கிழமை போனோம். அதற்குள் வழக்கேடு சட்டமா அதிபர் தரப்பின் மீளாய்வு விண்ணப்பத்துக்காக மேலே போய்விட்டது. பிணை மனுவுக்கும், பொலிஸ்மா அதிபருக்குப் போடும் முறைப்பாட்டுக்கும், அதே அறையில் வாக்குமூலம் கொடுத்த மற்ற இருவரின் வழக்குக்கும் அந்தப் பிரதி வேண்டும். இன்னும் கைக்கு வரவில்லை.