கீழ கடை, மேல வீடு, சுத்தி பழைய ஊர்

பழைய ஊருக்குள்ள கீழ கடை மேல வீடுன்னு ஒரு ப்ராஜெக்ட் வந்துச்சுன்னா மீட்டிங்ல மொத சண்டை முகப்பு பத்திதான். ஓடு போடணுமா, செங்கல் வெளிய தெரியணுமா, கண்ணாடி வச்சா ஊரே கெட்டுப் போயிடுமான்னு பாதி நாள் அதுலயே போயிடும். என்னைக் கேட்டா அதெல்லாம் கடைசில பேசிக்கலாம். பழைய தெருவோட களையே மனை அளவுலதான் இருக்கு, குறுகலா நீளமா மனை, அதனால நாலு எட்டு வச்சா ஒரு வாசல், இன்னும் நாலு எட்டுல இன்னொண்ணு. அந்த மனையெல்லாம் மொத்தமா வாங்கி ஒரே கட்டடமா கட்டிட்டு வெளிய மட்டும் ஆறு கலர் அடிச்சு ஆறு வீடு மாதிரி காட்டினா யாரு ஏமாறப் போறா? உள்ள ஒரே பெரிய கடை, திறக்கிற கதவு ஒண்ணு, மத்ததெல்லாம் போஸ்டர் ஒட்டின கண்ணாடி.

இத்தனைக்கும் இது ஒண்ணும் புது ஐடியா இல்ல. ரோமானியர் காலத்து அடுக்குமாடில கீழ் தளம் கடைதான், ரோம் பக்கத்துல இருக்கிற ஓஸ்டியால அந்த இடிபாடு இன்னும் நிக்குது. இத்தாலில போலோன்யா ஊர்ல 1288லயே சட்டம் போட்டுட்டாங்க, வீட்டுக்கு முன்னாடி ஜனங்க நடக்க போர்ட்டிகோ, அதாவது தூண் வச்சு கூரை போட்ட நடைபாதை விட்டே ஆகணும்னு. சிங்கப்பூர்ல 1822ல பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் டவுன் பிளான் போட்டப்பவும் அதே கதைதான், ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் கூரை போட்ட நடைபாதை, தெரு முழுக்க விட்டுப்போகாம வரணும்னு. கவனிச்சீங்கன்னா ரெண்டு விதியுமே மழையிலயும் வெயில்லயும் நடக்கிறவனைப் பத்தினது. இப்ப நாம எழுதுற ஹெரிடேஜ் ரூல்ல பாதி பெயிண்ட் கலர் பத்தி!

நிஜமான தலைவலி செக்‌ஷன், அதாவது கட்டடத்தை மேலேருந்து கீழ வெட்டிக் காட்டுற படம் வரையும்போதுதான் ஆரம்பிக்கும். அடியில கார் பார்க்கிங் வேணும்னா ஒரு காருக்கு 2.5 மீட்டர், மூணு காருக்கு 7.5, தூணையும் சேர்த்தா எட்டு மீட்டர் கிட்ட வந்துடும். அதுக்கு மேல கடைக்காரருக்குத் தூணே கண்ணுல படக்கூடாது, நாலரை மீட்டர் உயரம் வேற வேணும். அதுக்கும் மேல வீடு, அங்க ரூம் அகலமே மூணு மூணரைதான், உயரமும் மூணு மீட்டர் போதும். மூணுக்கும் தூண் வர்ற இடம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே ஒட்டாது, அதனால மேல் தூண் பாரத்தை வேற இடத்துல இருக்கிற கீழ் தூணுக்கு மாத்திவிட நடுவுல ஒரு மீட்டர் ஆழத்துக்கு டிரான்ஸ்ஃபர் பீம்னு பெரிய உத்தரம் போடுவாங்க, ஊர்ல உயரக் கட்டுப்பாடு இருக்கும், கடைசில அடி வாங்கறது யாருன்னா வீடு, ஒரு மாடி போச்சு.

அதனால நான் மொதல்ல கை வைக்கிறது பேஸ்மென்ட்லதான். பழைய ஊர்ல தோண்டினா என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? இங்கிலாந்துல யார்க் ஊர்ல காப்பர்கேட்னு ஒரு இடத்துல ஷாப்பிங் சென்டர் வர்றதுக்கு முன்னாடி தோண்டினப்ப வைகிங் காலத்துத் தெருவே வெளிய வந்துச்சு, 1976ல இருந்து 81 வரைக்கும் அகழாய்வு ஓடுச்சு, அப்புறம் 1984ல அதையே யார்விக்னு மியூசியமா ஆக்கிட்டாங்க. ஊருக்கு லாபம்தான், ஆனா வட்டி கட்டற பில்டர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னா அவர் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். காரை ஊருக்கு வெளிய நிறுத்தச் சொல்லிட்டு ஆழம் கம்மியா அஸ்திவாரம் போடறது ரொம்ப மேல்.

அடுத்தது மாடிப்படி. மெயின் தெருல ரெண்டு மீட்டர் விட்டாலும் அது கடை வாடகைல நஷ்டம்னு சொல்லி வீட்டு வாசலைப் பின்சந்துல குப்பைத்தொட்டி பக்கத்துல தள்ளிடுவாங்க. அப்புறம் ராத்திரி கடை மூடினதும் தெருவே செத்துப் போயிடும், ஏன்னா மேல குடியிருக்கிற ஒருத்தர்கூட இந்தப் பக்கம் இறங்க மாட்டாங்க. வீட்டு வாசல் தெருவைப் பார்த்துதான் இருக்கணும், ஒவ்வொரு மாடிப்படிக்கும் நாலஞ்சு வீடு, அவ்வளவுதான். இதுல மட்டும் நான் பேரமே பேச மாட்டேன்.

இன்னொண்ணு, கீழ இப்ப வர்றது புத்தகக்கடையாவே இருந்தாலும் கூரை வரைக்கும் ஒரு காலி ஷாஃப்ட், அதாவது குழாய் போக ஒரு நெட்டு இடைவெளி விட்டு வைங்க. நாளைக்கே அங்க ஒரு ஓட்டல் வரும், ஷாஃப்ட் இல்லன்னா கிச்சன் புகைக்குழாய் வெளிச்சுவர்ல ஏறி யாரோ ஒருத்தர் பெட்ரூம் ஜன்னலை உரசிக்கிட்டுதான் போகும்.

சரக்கு வண்டி இருக்கே, அது தனி ரோதனை. குறுகல் தெருல லாரி திரும்பாது, விடியக்காலைலதான் உள்ள விடுவாங்க, மேல ஜனங்க தூங்கற நேரமும் அதுதான். தெரு முனைல எல்லாக் கடைக்கும் பொதுவா ஒரு லோடிங் ரூம் வச்சு அங்கேருந்து டிராலில தள்ளிட்டு வந்தா ஓரளவு சமாளிக்கலாம். ஆனா ஹெரிடேஜ்காரங்க தரைக்கு மேடுபள்ளமா கல்லு பாவச் சொல்வாங்க, அதுல இரும்புச் சக்கரம் உருண்டா லாரியே தேவலாம்னு ஆயிடும். ஓரமா பாவின கல்லு இருந்துட்டுப் போகட்டும், நடுவுல மட்டும் வழவழன்னு அறுத்த கல்லுல ஒரு பட்டை விட்டுடுங்க, வீல்சேருக்கும் தள்ளுவண்டிக்கும் அதுதான் வழி.